மூன்றாம் தட்டு

வேதியியல் துறையின் பச்சை பீரோவில்
முதல் தட்டு துறைத்தலைவருக்கு.
இரண்டாவது, நிரந்தரப் பணியில் உள்ள நால்வருக்கு.
மூன்றாவதில் கரையான் மருந்து இருந்தது.
அதை இறக்கிக் கீழே வைத்துவிட்டு
எங்கள் குடைகளை வைத்தோம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் ஏழு பேர், நாற்காலி மூன்று.
கௌரவ விரிவுரையாளர்கள்.
அந்தக் கௌரவத்தை மெகருன்னிசா
கூத்தாநல்லூர் பஸ்ஸில் நின்றபடியே கொண்டுவருவாள்.
நான் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
நெல் ஏற்றிய கூட்ஸ் வண்டி கடக்கும்வரை
கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

தட்டில் பழைய வினாத்தாள்கள்,
ரொசாரியோவின் எறும்புக் கையெழுத்தில் விடைகள்,
யாருக்கு எப்போது வேண்டுமோ என்று ஒரு நாப்கின் பாக்கெட்,
ஆய்வுக் குழு வரும் நாளில்
நனைந்து வருகிறவர் மாற்றிக்கொள்ள
ஒரு வெள்ளைச் சட்டை. நடேசமணிக்கு அது தொளதொள.

பிறகு அந்த ரெக்கார்டு நோட்டு.
திருப்பூருக்கு வேலைக்குப் போன மாணவன்
பாதியில் விட்டது.
அவன் உப்புப் பகுப்பாய்வு முடிந்த பக்கத்துக்கு அடுத்து
எங்கள் கணக்கு தொடங்குகிறது.
அச்சடித்த தலைப்புகளை மாற்றவில்லை.

சோதனை எண் 4.
நோக்கம்: தையல்நாயகி மகனுக்கு டைபாய்டு.
தேவையான பொருள்: ஆயிரத்து இருநூறு.
செய்முறை: ஆளுக்கு இருநூறு.
முடிவு: இட்லி கேட்கிறான்.

சோதனை எண் 9.
நோக்கம்: நிலுவைச் சம்பளம் பற்றித் தஞ்சாவூர் போய்க் கேட்பது.
தேவையான பொருள்: பஸ் காசு, தைரியமான ஒருவர்.
முடிவு: ஃபைல் மேலே போயிருக்கிறது.
எந்த மேலே? என்று
பக்கத்தில் பென்சிலால் ரொசாரியோ.

மே மாதம் எங்களுக்குச் சம்பளம் கிடையாது.
நடேசமணி உளுந்து மண்டியில் எடை போடுவார்.
கரிம வேதியியலில் முனைவர்;
தராசு முள் அவர் பேச்சைக் கேட்கும்.

மேட்டூர் திறந்தால்
பாமணி ஆற்றுக்குத் தண்ணீர் வர எத்தனை நாள் என்று
மன்னார்குடியில் டீ ஆற்றுகிறவரும் சொல்வார்.
எங்கள் சம்பளத்துக்கு நாள் சொல்ல ஆளில்லை.
நாமும் கடைமடைதான் என்று ஒருமுறை சொன்னேன்.
மெகருன்னிசாவுக்குக் கோபம் வந்துவிட்டது.
"கடைமடைக்காரன் ரோட்டை மறித்தால்
தாசில்தாராவது வருவார். நீ மறித்துப் பார்."

ஆகஸ்டில் ஒரு பேராசிரியர் மாறுதலில் வந்தார்.
நல்ல மனிதர். எங்களுக்கும் சேர்த்து டீ சொன்னார்.
அவர் வந்ததால் எழுவரில் ஒருவர் போகவேண்டும்,
கடைசியாகச் சேர்ந்தவர்.
எனக்குப் பதினோரு நாள் கழித்துச் சேர்ந்தவள் அவள்.

மனு எழுதினோம். ஆறு கையெழுத்து.
என் வகுப்பில் நாலு மணி நேரத்தை
அவளுக்குத் தரலாமா என்று கேட்டேன்.
விதியில் இடமில்லை என்றார்கள்.
கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.
இதை நோட்டில் எழுதவில்லை.

அன்று மதியம் இரண்டாம் ஆண்டுக்கு
டைட்ரேஷனை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.
பிப்பெட்டுகளைக் கழுவி வைத்தாள்.
பீரோ சாவியை என் கையில் தரவில்லை.
வழக்கம்போல
கேஸ் குழாய்க்குப் பின்னால் மாட்டினாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள்
கூத்தாநல்லூர் பஸ் கண்டக்டர்
பாலித்தீனில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்.
அவள் தரவேண்டியிருந்த நானூறு ரூபாய்.
கூடவே பஃபர் கரைசல் பாடத்துக்குப் பதினாறு பக்கக் குறிப்பு.
"உனக்கு இந்தப் பாடம் வராது, தெரியும்.
டியூஷனில் பிள்ளைகளுக்கு எழுதினேன்.
ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடு."

நோட்டை விரித்தேன். சோதனை எண் 23.
முடிவு என்ற இடத்தில் நானூறு என்று எழுதப் போய்
பேனாவை எடுத்துவிட்டேன்.
செய்முறையில் எழுதினேன்.

பூட்டு மழைக்கு இறுகிக் கிடக்கிறது.
தேவையான பொருள்: தேங்காய் எண்ணெய், சின்ன பாட்டில்.