கைதூக்குமுன்

இரவு வேலைக்குப் பேருந்து பத்தே முக்காலுக்கு.
கூட்டம் எட்டரை மணி என்றது
யுவனிஷாவின் கணக்கு நோட்டில் ஒட்டி வந்த சீட்டு.
எட்டு ஐம்பதுக்குத்தான் மைக் பேசியது.

"இதுவரை பகுதி உதவி, இனி முழு உதவி,"
என்றார் வாரியத் தலைவர் அரங்கநாயகம்.
மேசையில் கல்வி இலாகாவின் கடிதம்,
மலாயில் நான்கு பக்கம்.
அதை மூன்று வரித் தமிழில் சொல்லி முடித்தார்.
மீதி எங்கே போயிற்றென்று
யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

கூரை ஒழுகுவது உண்மை.
மழை வந்தால் மூன்றாம் ஆண்டின் பின்வரிசை
சுவரோரம் ஒதுங்கி மடியில் வைத்து எழுதும்.
கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை:
ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே காவல்.
என் மகளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தது
அந்தக் கதவால்தான்.

அரசாங்கம் கூரை போடும்.
தாழ்ப்பாளும் போடும்.
ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங் சந்தையில்
நன்கொடைச் சீட்டோடு நிற்க வேண்டாம்,
தெரிந்தவர்கள் நம்மைக் கண்டதும்
மீன்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வதைப் பார்க்க வேண்டாம்.
கைதட்டினோம்.
நான் பலமாகவே தட்டினேன்.

பின்னாலிருந்து லாரி ஓட்டும் முகுந்தன்:
"கெரான் யாரு பேருல இருக்கு?"

மின்விசிறி கிறீச்சிடுவது
அப்போதுதான் கேட்டது.

நாலு பேர் பேரில்.
மூன்று பேர் தவறிவிட்டார்கள்.
ஒருவர் மகனோடு பெர்த்தில், காது கேட்காது.

பள்ளியைச் சுற்றி முப்பத்தெட்டு மாடிகள்.
மூன்று மணிக்கே திடலில் நிழல் விழுந்துவிடும்.
நிழல் விழும் மண்ணின் விலை
நிழலுக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியும்.

"பேரு மாறாது, தமிழ் மாறாது," என்றார் தலைவர்.
"எந்தப் பக்கத்துல இருக்கு?"
அவர் தாள்களைப் புரட்டினார்.
முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால்.
தலைமையாசிரியை தனேஸ்வரி
தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் அரசாங்க ஊழியர், பேசக் கூடாது.

சிலர் கைதூக்கியிருந்தார்கள் ஏற்கெனவே.
தூக்கிய கையை எப்படி இறக்குவதென்று தெரியாமல்
ஒருவர் தலையைச் சொறிந்தார்.

நான் போய் நான்கு பக்கத்தையும் படம் பிடித்தேன்.
"எதுக்கு?" என்றார் தலைவர்.
கோபமில்லை, களைப்பு.
பன்னிரண்டு வருஷமாக மின்கட்டணத்துக்கு
அவர்தான் அலைகிறார், அதையும் சொல்ல வேண்டும்.

பாயான் லெப்பாஸ் போகும் பேருந்தில்
பக்கத்து இருக்கை நூர்லைலாவுடையது.
என்னிடம் இருப்பது கடை மலாய், தொழிற்சாலை மலாய்;
கடித மலாய் வேறு.
அவள் வக்கீல் ஆபீசில் இரண்டு வருஷம் இருந்தவள்.
திரையை விரலால் பெரிதாக்கி வாசித்தாள்.

"ஆறு இடத்துல 'போலே'ன்னு இருக்கு," என்றாள்.
செய்ய முடியும் என்று பொருள்.
கூரை, போலே.
கழிப்பறை, போலே.
இதே இடத்தில் பள்ளி, போலே.
"ஒரே இடத்துலதான் 'அக்கான்'."
கட்டாயம் நடக்கும் என்று பொருள்.
"எங்கே?"
நிலம் ஒப்படைக்கப்படும் என்ற வரியில்.

தமிழில் போலே என்றால் வேறு.
கூரை போலே ஒன்று,
பள்ளி போலே ஒன்று.
சிரித்தேன். ஏனென்று கேட்டாள்.
மலாயில் அதைச் சொல்ல வரவில்லை.

காலைவரை சில்லுகள் பார்த்தேன்.
தட்டுக்கு நாற்பது,
உருப்பெருக்கியில் வைக்காமல் எதற்கும்
நான் முத்திரை குத்தியதில்லை.
வேண்டாமென்று ஒதுக்குவது அல்ல என் வேலை.
பார்ப்பது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி கூட்டம்.
ஆறு 'போலே'யில் இரண்டாவது
'அக்கான்' ஆகுமா என்று கேட்கப்போகிறேன்,
எந்த இரண்டு என்று
இன்னும் முடிவாகவில்லை.
யுவனிஷாவிடம் கேட்டேன்.
தாழ்ப்பாள் என்றாள் உடனே.