மூன்று லிட்டர்

காசிமேட்டிலிருந்து தாம்பரம் போய்த் திரும்ப
எண்பத்திரண்டு கிலோமீட்டர்.
லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்த வண்டி,
ஏழு லிட்டரில் முடித்திருக்க வேண்டும்.
பத்து குடிக்கிறது.

ஐப்பசியிலிருந்து இந்தக் கணக்கை
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்
போட்டுப் போட்டு அடித்திருக்கிறேன்.
மாதத் தவணைக்கு மேல் இன்னொரு தவணை,
யாருக்குக் கட்டுகிறேன் என்றே தெரியாமல்.

டயரில் காற்று பார்த்தாயிற்று.
ஏர் ஃபில்டரைத் தட்டியதில்
ஒரு பிடி எண்ணூர்ச் சாம்பல் உதிர்ந்தது,
கணக்கு அசையவில்லை.
புதுப்பேட்டையில் அன்வர்தீன்
ஓடுகிற இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து
புகையை உள்ளங்கையில் பிடித்து மோந்தார்.
"ரிங் தேஞ்சிருக்கு, கம்ப்ரஷன் கம்மி.
ஆனா மூணு லிட்டர் போற அளவுக்குக் கெடல."
பிரகலாதன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை.
அந்த 'ஆனா' மட்டும்
என்னோடு வீட்டுக்கு வந்து
சோற்றுத் தட்டின் எதிரில் உட்கார்ந்தது.

இன்ஜின் இல்லையென்றால் ஆள்.
ஆள் என்றால் அவர் ஒருவர்தான்.

ஏற்கெனவே ஒரு கோபம் இருந்தது.
புளியந்தோப்பில் வீட்டு வாசலில் இடமிருக்க
வண்டியைப் பேசின் பாலத்து இறக்கத்தில் நிறுத்திவிட்டு
நடந்து போகிற மனிதர்.
இரண்டு முறை போலீஸ் அபராதம்,
இரண்டையும் சம்பளத்தில் பிடித்தேன்.
ஏன் என்று கேட்கவில்லை.

நானே நின்று டேங்க்கை நிரப்பி
மூடியின் விளிம்பில் நெயில் பாலிஷால்
ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன்,
பாதி மூடியில், பாதி வண்டியில்.
திறந்தால் விலகும்.
ஆறு நாள்.
என் நகத்தில்கூட அது அவ்வளவு ஒழுங்காக
நின்றதில்லை.

ஏழாம் நாள் இரவு ஒன்றரைக்குப்
பாலத்தில் போய் நின்றேன்.
ஒன்றும் கேட்காமல் துண்டால் சீட்டைத் துடைத்தார்.
பிரேக்கை விட, வண்டி தானாக உருண்டது.
இரண்டாவது கியர், கிளட்ச்சில் ஒரு உதறல்,
இன்ஜின் இருமிக்கொண்டு பிடித்தது.

துறைமுகத்தில் ஏலம் சூடாக இருந்தது.
ஐஸ் பாரை உடைக்கிற சத்தம்,
சங்கரா, கவளை, நடுவில் ஒரு பெரிய வஞ்சிரம்.
எங்கள் முறை வர மூன்று மணி நேரம்.
வண்டி நின்றது. இன்ஜின் நிற்கவில்லை.

"ஆஃப் பண்ணுங்க. டீசல் என்ன தண்ணியா?"

"ஆஃப் பண்ணா ஏந்துக்காதுக்கா.
செல்ஃப் பூட்ச்சு.
காலி வண்டின்னா பாலத்துல உருட்டிக்கலாம்,
ஒன்றரை டன் மீனு ஏத்திட்டு எவன் தள்ளுவான்?
இந்த ஊர்ல பாலத்த வுட்டா
பள்ளம் ஏது சொல்லுங்க."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. ஐப்பசில.
நாலாயிரத்து ஐந்நூறு ஆவும்னேன்.
அடுத்த மாசம் பாக்கலாம்னீங்க."

சொல்லியிருப்பேன்.
எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும்
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் அந்த மாதம்:
ஸ்கூல் ஃபீஸுக்கு, சீட்டுக்காரருக்கு,
என் கடைவாய்ப் பல்லுக்கு.

மூன்று லிட்டரை அறுபது நாளால் பெருக்க
வாய் தானாக முணுமுணுத்தது.
மூன்று செல்ஃப் மோட்டார் தாண்டியதும்
பெருக்குவதை விட்டேன்.
மார்கழிப் பனியில் கேபின் மட்டும்
கணகணப்பாக இருந்தது,
என் காசு எரிந்த சூடு.
கால்களை நீட்டிக்கொண்டேன்.

விடிகிற நேரம் அசதியில்
கை பழக்கத்தில் சாவிக்குப் போனது.
சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.
அடுத்த நொடி, சுட்டதுபோல் விட்டு,
"தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.
நான் நினைத்த தப்பெல்லாம்
மூடியில் சிவப்பாகக் காய்ந்து கிடக்கிறது.
அதைப் பார்த்தாரா, தெரியவில்லை.

தாம்பரத்தில் மீனை இறக்கிய பிறகும்
அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.
ஒருவர் மாற்றி ஒருவர் போய் டீ குடித்தோம்,
கைக்குழந்தை இருக்கிற வீட்டில் போல.