மின்தடை நேரம்

மண்டபத்தில் கரண்ட் போனால்
ஊரே ஈபி ஆபீசைத் திட்டும்.
நான் ஹெட்போனை மாட்டுவேன்.

ஐஸ் கம்பெனி கம்ப்ரசர் நின்றால்தான்
என் அலைவரிசையில் இரைச்சல் அடங்கும்.
பேட்டரி, மோர்ஸ் சாவி, கொசுவர்த்தி.
மொட்டைமாடியிலிருந்து பனைக்கு இழுத்த கம்பி
வாடையில் லேசாக உறுமும்.

சிக்யூ, சிக்யூ.
மூன்றாம் தடவை, கொசுச் சத்தத்துக்கும் கீழே
ஒருத்தர். யாக்கூட்ஸ்க். பெயர் க்ளெப்.
ஐந்து ஒன்பது ஒன்பது, தெளிவாகக் கேட்கிறது என்றேன்.
பாதி பொய். எல்லாரும் சொல்கிற மரியாதைப் பொய்.
ஜெசிந்தா என்று முழுசாகத் தட்டப் பொறுமையில்லை,
ஜெசி.
இங்கே இருபத்தாறு டிகிரி.
அங்கே மைனஸ் நாற்பத்தொன்று.

அதற்குச் சுருக்கக் குறியீடு எதுவும் கிடையாது,
எழுத்தெழுத்தாகப் பிழையோடு அனுப்பினேன்:
இங்கே ஐஸை மெஷினில் செய்கிறோம், ஐயா,
உடைத்து நண்டுக்கும் கணவாய்க்கும் போட.
அந்த மெஷின் நின்றதால்தான்
நீங்கள் கேட்கிறீர்கள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு டிடிடிடி டிடி, டிடிடிடி டிடி.
சிரிக்கிறார்.

விடைபெற எழுபத்துமூன்று என்பது வழக்கம்.
டா டா டி டி டி
ஏழு வந்தது.
ஃபேன் சுற்றியது. தெருவில் யாரோ விசிலடித்தார்கள்.
கம்ப்ரசர் எல்லாவற்றையும் மூடியது.

மூன்று, ஏழின் கண்ணாடிப் பிம்பம்தான்.
மேசையில் விரலால்
நானே தட்டி முடித்தேன்.