லக்ரிஸுக்கு ஓர் இரவு

வாட்ஸோவில் ஜூன் மாத இரவு
கடிகாரத்துக்குள் மட்டும் இருக்கிறது.
பதினொன்றரை மணிக்கும் வெயில்
துறைமுகக் கூரைகளின் மேல்
மடிக்க மறந்த துணியாகக் கிடக்கும்.

எட்டு வாரக் குட்டி நீ.
உடம்பெல்லாம் கறுப்பு,
மோவாயில் மட்டும் ஒரு சொட்டுப் பால்.
லக்ரிஸ் என்று பெயர் வைத்த அஸ்பியோர்ன்
மறுநாளே ஹெலிகாப்டர் ஏறிக்
கடல் நடுவே எண்ணெய் மேடைக்குப் போய்விட்டான்.
பதினான்கு நாள் வேலை.
பெயர் அவன் வைத்தது,
ராத்திரிகள் என்னுடையவை.

முதல் ராத்திரி நீ அழுதது
துருப்பிடித்த கேட்டை யாரோ
திறந்து திறந்து மூடுவதுபோல் இருந்தது.
மேல்வீட்டு ஹெர்போர்க்
குதிகாலால் தரையை இடித்தாள்.
காலை ஐந்தே முக்காலுக்கு
என் பேருந்தில் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து,
மீன் ஆலை வரும்வரை
என் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்த வயதில் பதினெட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும்"
என்றார் கால்நடை மருத்துவர்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மணிக்கட்டில் உன் பல் தடங்களைக் காட்டினேன்.
"கெட்ட குணமில்லை, தூக்கம் போதவில்லை.
சோர்ந்த குட்டிதான் கடிக்கும்."
திரும்பி வரும் வழியெல்லாம்
நான் அம்மாவிடம் எரிந்து விழுந்த நாட்களை
எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.

ஆகவே உனக்கு ஓர் இரவைத் தைத்தேன்.
இரண்டு சாம்பல் கம்பளி,
உடைந்த ஊசி மூன்று,
ஜன்னலின் மேல் மூலையில் நுழைந்த
அடிஸ்கேல் அகல வெளிச்சத்துக்கு
அஸ்பியோர்னின் ஒற்றைக் காலுறை.

பெட்டியைக் கட்டிலோரம் வைத்துக்
கம்பி இடுக்கில் கை விட்டுப் படுத்தேன்.
உனக்கு முன்னால் என் கைதான் தூங்கியது.

இரண்டு மணிக்கு வெளியே போக வேண்டும்.
பேச்சு இல்லை, கொஞ்சல் இல்லை,
புல், மூத்திரம், திரும்பு, அவ்வளவுதான்.
ஆனால் வாசலில் பளீரென்று சூரியன்!
பொழுது விடிந்ததென்று வாலை ஆட்டி
என் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடினாய்.
கண் கூசும் வெயிலில் நின்றுகொண்டு
இது நடுநிசி என்று
ஒரு நாய்க்குட்டியை நம்பவைக்கும் முகம்
எப்படியிருக்கும்?
கூரைமேல் ஒற்றைக்காலில் நின்ற கடற்காகம்
என்னை வெகுநேரம் பார்த்தது.

பகலிலும் அதே பாடு.
ஒரு மணி நேரம் ஓட்டம், பிறகு பெட்டி,
மெல்ல ஒரு துண்டுக் காய்ந்த மீன்தோல்.
முதலில் முனகல்,
பிறகு நீண்ட பெருமூச்சு,
பிறகு கனவில் ஓடும் கால்கள்.

ஒவ்வொரு ராத்திரியும் பெட்டியை
ஒரு தரைப்பலகை தள்ளி வைத்தேன்.
சமையலறைக்குப் பதினொரு பலகை.
ஏழாவது பலகையில் இருந்தபோது
அஸ்பியோர்ன் வந்து சேர்ந்தான்,
நள்ளிரவு ஒரு மணிக்கு,
கீச்சிடும் ரப்பர் கோழியோடு.
மறுபடி நான்காவது பலகை.
அவனோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.
அந்தக் கோழி இப்போது பேருந்தின் கருவிப் பெட்டியில் இருக்கிறது.

ஜூலையில் எந்த ராத்திரி என்று தெரியவில்லை,
அலாரம் அடித்துத்தான் விழித்தேன்.
நீ அழவில்லை.
நான் பதறி ஓடி வந்து
உன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்து நின்றேன்.
அன்று ஹெர்போர்க் ஏறும்போது
"காலை வணக்கம்" என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள்
பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தேன்.
படியில் நின்றுவிட்டாய்.
வெளியே இருட்டு.
சுவர் இல்லாத, தையல் இல்லாத,
தெருமுழுக்க, கடல்மேல்கூட.
நீ பிறந்து கண் திறந்து நடந்த நாளிலிருந்து
வெளியில் பார்த்தேயிராத ஒன்று.
மோந்தாய்.
ஒரு முறை குரைத்தாய்.
பதில் வராததால் இன்னொரு முறை.
பிறகு என் கால்களுக்கிடையே புகுந்து
உள்ளே ஓடிப்போய்
உனக்குத் தெரிந்த இருட்டில் சுருண்டுகொண்டாய்.

மூத்திரம் மட்டும் பாக்கி.

நவம்பர் கடைசியில் சூரியன் வராமலே போகும்.
அப்போது உனக்கு ஒரு காலையை
எதைக் கொண்டு தைப்பது?
நாளை யோசிக்கலாம்.
அஸ்பியோர்ன் காலுறையைத் தேடுகிறான்.
நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.