பதினேழாம் எலியின் ஈரல்

ஐப்பசி மழை. மின்சாரம் போய், வந்து, மறுபடி போனது.
தராசு பற்றரியில் ஓடியது.
நாற்பத்தெட்டு மணிநேரம் தண்ணீர் மட்டும் குடித்த எலிகளின் ஈரலை
ஒவ்வொன்றாய் வடிதாளில் ஒற்றி நிறுத்தேன்.
ஐந்து தசம் ஆறு. ஐந்து தசம் மூன்று. ஐந்து தசம் எட்டு.
தின்றுகொண்டிருந்த எலிகளுக்கோ எட்டரைக்குக் குறையவில்லை.

கலங்கள் செத்து மெலிவதில்லை.
இருந்த இடத்திலேயே சுருங்கும்.
சேர்த்து வைத்த சீனியை முதலில் செலவழித்து,
பிறகு தன் பாத்திரம் பண்டங்களையே உடைத்து அடுப்பெரித்து
வீட்டை நடத்தும்.

எனக்கும் அன்று சஷ்டியில் மூன்றாம் நாள்.
இரண்டு மிளகு, ஒரு மிடறு பால்.
வலது விலாவுக்குக் கீழே என்னுடையதும்
எதையோ உடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தபடி
அடுத்ததைத் தூக்கி வைத்தேன்.

ஏழு தசம் ஒன்பது.

தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் வைத்தேன்.
ஏழு தசம் ஒன்பது.
பதினேழாம் இலக்கம்.
பட்டினிக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் பசியாறியிருக்கிறாள்.

துஷ்யந்தினி மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சுரப்பி ஏதும் பழுதோ? மாற்றமடைந்த மரபணுவோ?"
அவர் கண்ணில் ஒரு கட்டுரை எரியத் தொடங்கியதை
நான் பார்த்தேன்.
நான் போய்க் கூட்டைக் கொட்டினேன்.
மரத்தூளுக்குள், நகத்தளவு,
சூடை மீன் முள்.

*

மரியநாயகம் குருநகர்க்காரர். இரவுக் காவல்.
மறைக்கவில்லை.
"பாவம் பிள்ளை, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது.
மற்றதுகள் படுத்திட்டுதுகள். இது மட்டும் என்னைப் பாத்தது.
ரெண்டு இரவும் என்ர பார்சலில கொஞ்சம் பாண், ஒரு மீன் துண்டு.
உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஈரல் சொன்னது என்றேன்.

குடலிலிருந்து போகும் நாளம் முதலில் அந்த வாசலைத்தான் தட்டும்.
மீன் அமினோ அமிலமாய்ப் போகும், பாண் குளுக்கோசாய்.
பின்னாலேயே இன்சுலின், சாட்சிக் கையெழுத்துப் போட.
உள்ளே எம்டோர் என்றொரு புரதம்
வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று
கேட்டபடி காத்திருக்கும்.
வந்தது என்று கேள்விப்பட்டதும்
உடைப்பதை நிறுத்து, கட்டத் தொடங்கு என்று
கலம் கலமாய்ச் சொல்லும்.
நடுச்சாமத்தில் யாரும் பார்க்காமல் கொடுத்த ஒரு துண்டு மீனை
இரண்டு கிராமுக்கு மேல் எழுதி வைத்திருக்கிறது.

"அப்ப குடுக்கக் குடுக்க வளந்துகொண்டே போகுமோ?"

இல்லை. அதற்கும் ஒரு சமிக்ஞை உண்டு,
நீர்யானையின் பெயரை வைத்திருக்கிறார்கள்.
பக்கத்துக் கலம் தோளில் முட்டும்போது
போதும் என்கும்.
அது அறுந்தால்தான் ஈரல் நீர்யானையாகும்.

அவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"தொண்ணூற்றொண்டில சாமான் ஒண்டும் உள்ள வராத நேரம்
மூண்டு மாதம் மரவள்ளியும் கஞ்சியும்தான்.
அது என்ர ஈரலில இப்பவும் கிடக்குமோ?"

கிடக்காது என்றேன்.
நன்றாய்ச் சாப்பிட்டால் ஒரு கிழமையில் பழைய அளவுக்கு வந்துவிடும்.
பெரியவர்களுடைய ஈரல் பசியைச் சேமிப்பதில்லை.

"பெரிய ஆக்களின்ர," என்று திருப்பிச் சொன்னார்.
"அப்ப அனற்றா தாய் வயித்தில இருந்தவள்."

வயிற்றுக்குள் இருப்பவர்களைப் பற்றி வேறு ஆய்வுகள் உண்டு.
படித்திருக்கிறேன்.
மழை அதிகம், கேட்கவில்லை என்பதுபோல்
யன்னலைச் சாத்தப் போனேன்.

"அந்தப் பதினேழு இப்ப எங்க?"
எல்லாவற்றையும் நிறுத்தாயிற்று, அண்ணை.
"ஓ," என்றார்.

படிவத்தில் பதினேழாம் வரியை வெட்டினேன்.
விலக்கியதற்கான காரணம் என்ற கட்டத்துக்குள்
ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது.
உணவு, என்று எழுதினேன்.
வெட்டிய கோட்டுக்குக் கீழே
ஏழு தசம் ஒன்பது
இன்னும் வாசிக்கக்கூடியதாய்த்தான் இருக்கிறது.