சீட்டில் விழுந்த நாற்காலி

ரெய்க்யவிக்கில்
சீட்டெடுத்துத்தான் உட்கார்கிறார்கள் உறுப்பினர்கள்.
எதிரணி ஹல்பெராவுக்கு விழுந்தது
ஆளுங்கட்சி கோல்பெய்னின் பக்கத்து நாற்காலி.

மீன் ஒதுக்கீட்டு மசோதா.
முதல் வாசிப்பன்று சன்னலெங்கும் பனி.
குழுவுக்குப் போய்த் திரும்பி வந்த
இரண்டாம் வாசிப்பு முழுக்க அவளுக்கு இருமல்.
பேசாமல் ஒரு மிட்டாயை நகர்த்தினான்.
அவைக்குறிப்பில் அது ஏறவில்லை.

திருத்தம் பதினொன்று தோற்றது. பன்னிரண்டும்.

மூன்றாம் வாசிப்பு ஜூனில்,
நள்ளிரவு தாண்டியும் இருட்டாத வெளிச்சத்தில்.
ஊரில் மிஞ்சிய ஒற்றைப் படகைப் பற்றி
பேசிக்கொண்டே இருந்தாள்;
சபாநாயகர் மணியடித்தார்.

பொத்தான்கள்.
அவளுடையது சிவப்பு.
ஒரு மூச்சு தாமதித்து
அவனுடையது பச்சை.
முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று.

"இருமல் போச்சா?" என்றான்.
அவள்
கோட்டுக்குள் கை நுழையும் வழியைத்
தேடிக்கொண்டிருந்தாள்.