பத்தொன்பது கண்ணிகள்

மாசி மூணாம் ஞாயிறு.
வெளிச்சம் வருமுன்னே
துலுக்காணத்தின் கூண்டுக் கௌதாரி கத்த ஆரம்பித்தது.
சாக்கை நான்தான் விலக்கினேன்.
அத்திப்பட்டுக்குக் கிழக்கே, சாம்பல் குழாய் போகும் மேட்டில்,
வேலிகாத்தான் புதருக்கு இந்தப் பக்கம் நாலு பேர்
பீடிகூடப் பற்றவைக்காமல் குந்தியிருந்தோம்.

கூண்டுச் சேவல் கூப்பிடும்.
காட்டுச் சேவல் ரோஷத்தில் ஓடிவரும்.
சுற்றிலும் நரம்புக் கண்ணி.
இவ்வளவுதான்.
லாசர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலி,
முனிரத்தினத்துக்கு கன்டெய்னர் யார்டு,
எனக்கு மீஞ்சூரில் பஞ்சர் கடை.
துலுக்காணம் என்ன செய்கிறான் என்று
அவன் பெண்சாதிக்கே தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேடர்கள்.

கத்தியது.
நிறுத்திக் காது கொடுத்தது.
கத்தியது.

பதில் வந்தது:
பின்னால் எடுக்கும் ட்ரெய்லரின்
பீப், பீப், பீப்.
கூண்டுப் பறவை கழுத்தை உப்பிக்கொண்டு
அதோடு சண்டைக்கு நின்றது.
சிரித்தோம்.
முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

டீக்கடையில் பஞ்சாயத்து.
"மண்ணுல குளிக்கிற பட்சிடா அது," என்றான் லாசர்,
"மண்ணு எங்க கீது? எல்லாம் சாம்பலு."
நாய்கள் என்றான் முனிரத்தினம். கீரி என்றேன் நான்.
புதரை வழித்து யார்டு போட்டவனை
நால்வரும் சேர்ந்தே திட்டினோம்.
டீ ஆறி ஆடை கட்டியதும் துலுக்காணம் கேட்டான்:
"போன வருசம் நாம எத்தினி புட்ச்சோம்?"

கடைக்காரர்கூட வேறு பக்கம் பார்த்தார்.

ட்யூப் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நான் எழுதிவைப்பது வழக்கம்.
அறுபத்தொன்று. முப்பத்தெட்டு.
பதினேழு. நாலு.
நாலில் ஒன்று பெட்டை.
அறுத்தபோது உள்ளே ஓடு பிடிக்காத முட்டை இருந்தது.
அதை எழுதவில்லை,
எந்த வரியில் எழுதுவதென்று தெரியவில்லை.

ரெண்டு வருசம் யாரும் கண்ணி போடக்கூடாது.
லாசர் மாதா பேரில் சொன்னான்,
மற்றவர்கள் எல்லையம்மன் பேரில்.
வனத்துறை பிடித்து அபராதம் போட்டபோதுகூட
இப்படி அடங்கியதில்லை நாங்கள்.

சித்திரையில் சேதி வந்தது,
உப்பளத்துக்கு அந்தாண்டை யாரோ கண்ணி போடுகிறான் என்று.
அடிக்கத்தான் போனோம்.
லாசர் கையில் சைக்கிள் செயின் இருந்தது, என் கடையிலிருந்து எடுத்தது.

புதருக்குள் குந்தியிருந்தவன் முனிரத்தினம்.

ஓங்கிய கை அப்படியே நிற்க
லாசர் வாயிலிருந்து வந்தது இதுதான்:
"எதுனா வுயுந்துச்சாடா?"

நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.
துலுக்காணமும். அவன் கண்ணைப் பார்த்தேன்.
வந்த கோபம் எங்கே போனதென்று
இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

முனிரத்தினம் தலையை ஆட்டினான்.
"ஒண்ணும் இல்ல. அஞ்சு நாளா ஒண்ணும் இல்ல.
ஒண்ணாவது கீதான்னு பாக்கத்தான் போட்டேன்."
பொய்யாகவும் இருக்கலாம். நம்பினோம்.

முளைகளைப் பிடுங்கிச் சுருட்டினோம்.
எண்ணினான். மறுபடி எண்ணினான்.
"இருவது போட்டேன். பத்தொன்பதுதான் கீது."

ஒரு கண்ணி.
ஒற்றைக் கழுத்துக்குப் போதும்.

முட்டி போட்டுத் தேடினோம்.
வேலிகாத்தான் முள் உள்ளங்கையில் ஏறியது,
உமிரிச் செடியின் வேரடியெல்லாம் விரலால் துழாவினோம்.
பகல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது.
லாசர் எழுந்திருக்கவில்லை, அன்றைய கூலி போயிற்று.
தூரத்தில் ஏதோ ஒரு வண்டி பின்னால் எடுத்தது.

இதோ இருக்கு என்று ஒருவன் கத்துவான்,
எடுத்துப் பார்த்தால் புல்.
சாம்பலும் நரம்பும் அங்கே ஒரே நிறம்.